மூன்றாவது வேணாம்

ஏழு வயதில் ஒரு ஜாங்கிரிக்காக அடி வாங்கினேன். நைனாவின் மேலதிகாரி ஒருவர் செஞ்சியில் புதுவீடு கட்டிக் குடிபோனார். எங்களையும் கூப்பிட்டிருந்தார். அந்த வீட்டம்மா தட்டை நீட்டி, "எடுத்துக்கம்மா" என்றார். நான் எடுத்துக்கொண்டேன். அவ்வளவுதான் நான் செய்த குற்றம். கடித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தால் அம்மாவின் முகம் செத்துப்போயிருந்தது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் தொடையில் ஒரு கிள்ளு, முதுகில் இரண்டு அடி.

"சோத்துக்கு அலைஞ்ச குடும்பம்னு நெனைக்க மாட்டாங்க? கேட்ட ஒடனே கைய நீட்டிடுவியா நீ?"

"அவங்கதான குடுத்தாங்க."

"குடுத்தா? மொத வாட்டி வேணாம்னு சொல்லணும். ரெண்டாவது வாட்டியும் வேணாம்னு சொல்லணும். மூணாவது வாட்டி கேட்டா மெய்யாலுமே குடுக்கறாங்கன்னு அர்த்தம். அப்ப வாங்கிக்க."

"மூணாவது வாட்டி கேக்கலன்னா?"

"அப்ப அவங்க மொத வாட்டியும் கேக்கல."

வேணாம் என்று சொல்லிவிட்டுக் காத்திருப்பது தமிழ்நாட்டில் பல வீடுகளில் உள்ள மரியாதைதான். எங்களுக்கு அது மரியாதை மட்டுமில்லை. நாங்கள் காலனி ஆட்கள். எங்கள் தெருவில் முதன்முதலில் அரசு வேலைக்குப் போனவர் நைனா. லைன்மேன். தொண்டூர், மண்டகப்பட்டு என்று சுற்றுப்பக்கத்தில் எங்கே கம்பம் சாய்ந்தாலும் அவருக்குத்தான் போன் வரும். மழையில் ஊரே இருண்டு கிடக்கும்போது கம்பத்தில் ஏறி, கரண்ட் கொடுத்துவிட்டு இறங்குவார். "தண்ணி குடிக்கிறியாப்பா" என்று யாராவது கேட்பார்கள். சில வீடுகளில் செம்பில் வரும். சில வீடுகளில், அவர்கள் எல்லாரும் செம்பில் குடித்துக்கொண்டிருக்க, இவருக்கு மட்டும் பேப்பர் கப்பில் வரும். எந்த வீட்டில் எது வரும் என்று முன்கூட்டியே தெரியாது. அதனால் எல்லா வீட்டிலும் வேணாம் என்றே சொல்லிவிடுவார். வண்டியின் பக்கப்பெட்டியில், கட்டிங் பிளேயருக்கும் கயிற்றுக்கும் நடுவில் ஒரு தண்ணீர் பாட்டில் எப்போதும் கிடக்கும். மூன்றாவது தடவை கேட்பவர்களுக்கும் அந்தப் பாட்டிலை எடுத்துக் காட்டிச் சிரிப்பார்.

இதற்குத்தான் எங்கள் வீட்டில் அடக்கம் என்று பெயர். அடக்கமாம், மண்ணாங்கட்டி. கொடுக்கிற கையை நம்ப முடியாதவன், அந்தக் கை தானாகக் காட்டிக்கொடுக்கும்வரை பொறுத்திருக்கிறான், அவ்வளவுதான்.

வெளியில் இப்படிப் பழகிய மனிதருக்கு வீட்டுக்குள்ளும் வேறு மாதிரி வரவில்லை. "இன்னொரு தோச போடட்டா?" என்று அம்மா கேட்டால் வேணாம் என்பார். அம்மா அதைக் காதில் வாங்காமல் போடுவாள், அவர் சாப்பிடுவார். என்றைக்காவது அம்மா வேறு நினைப்பில் போடாமல் விட்டுவிட்டால் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துபோவார், அன்று முழுக்க முகம் உம்மென்று இருக்கும். பொங்கலுக்குச் சட்டை எடுக்கப் போனால் "எனக்கு எதுக்கு, வேணாம்". எடுத்து வந்து கொடுத்தால் அதைப் போட்டுக்கொண்டு ஒரு வேலையும் இல்லாமல் கடைத்தெருவில் இரண்டு சுற்று சுற்றுவார். காய்ச்சல் என்று படுத்தாலும் இதே கதை. "டாக்டராண்ட போலாமா?" "வேணாம்." "போயிட்டு வந்துடலாமே?" "வேணாம், சரியாப் பூடும்." மூன்றாவது தடவை அம்மா கேட்கவே மாட்டாள், வண்டிச் சாவியை எடுத்துக் கையில் திணிப்பாள். மனிதர் மறுபேச்சில்லாமல் செருப்பை மாட்டுவார். நானும் சின்ன வயதிலேயே இதைக் கற்றுக்கொண்டேன். நைனாவிடம் எதைக் கேட்டாலும் மூன்று தடவை கேட்க வேண்டும் என்பது எனக்கு வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம்.

மூன்று தடவை கேட்ட பிறகும் ஒருவர் வேணாம் என்றால் அது நிஜமான வேணாம். அதற்கு மேல் கேட்கக் கூடாது. அது பெரும்பாலும் கோபத்தில் வருவது. அத்தை வீட்டுச் சடங்கில் பந்தியில் உட்காரச் சொல்லி அத்தை மூன்று தடவை அழைத்தும் அம்மா உட்காரவில்லை. அதன்பிறகு இரண்டு வருஷம் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

இத்தனையையும் மூட்டை கட்டிக்கொண்டுதான் ஜெர்மனிக்குப் போனேன். மின்சாரப் பொறியியலில் மேற்படிப்பு. நைனாவுக்கு அதில் அசாத்தியப் பெருமை. "நான் கம்பத்துல ஏறனன். எங்க நடணும்னு எம் பொண்ணு சொல்லும்" என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தாராம். கிளம்புகிற அன்று அத்தை, "பாம்பு திங்கற ஊருக்குப் போனா நடுத்துண்டு எனக்குன்னு ஒக்காந்துடணும், இன்னா?" என்று கன்னத்தைக் கிள்ளினாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

போய் இறங்கிய மறுநாள் சாயங்காலம். நான்கு பேருக்குப் பொதுவான சமையலறை. பக்கத்து அறைப் பெண் அந்த நாட்டுக்காரி, என் வயதுதான். ஒரு பெரிய பானையில் உருளைக்கிழங்கு சூப் வைத்திருந்தாள். முந்தின நாள் விமானத்தில் சாப்பிட்டதோடு சரி, வயிறு கத்திக்கொண்டிருந்தது. "சூப் சாப்பிடுகிறாயா?" என்று கேட்டாள். நல்ல குடும்பத்துப் பெண்ணாக, "இல்லை, வேண்டாம், நன்றி" என்றேன். "சரி" என்றாள். அவ்வளவுதான். ஒரு கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு என் எதிரிலேயே உட்கார்ந்து ரொட்டியைத் தோய்த்துத் தோய்த்துச் சாப்பிட்டாள். நான் ஒரு டம்ளர் தண்ணீரை எவ்வளவு மெதுவாகப் பிடிக்க முடியுமோ அவ்வளவு மெதுவாகப் பிடித்தேன். அவள் பானையை மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போனாள். நான் அறைக்குப் போய் அம்மா கட்டிக் கொடுத்த முறுக்கைத் தின்றுகொண்டே அவளை வாயில் வந்தபடி திட்டினேன். மனுஷியா இவள், ஒரு பேச்சுக்காவது இன்னொரு தடவை கேட்கிறாளா பார் என்று.

அடுத்தது கோட்டு. குளிர் தொடங்கியிருந்தது. செஞ்சியில் வெயில் காலத்தில் மலைப்பாறை விடுகிற சூட்டில் வளர்ந்த உடம்பு எனக்கு. இரண்டு ஸ்வெட்டரை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு நடுங்கிக்கொண்டு போவேன். கீழ் வீட்டில் தனியாக இருந்த வயதான அம்மாள் ஒருநாள் படியில் நிறுத்தி, கருநீலத்தில் கனமான கம்பளிக் கோட்டு ஒன்றைக் காட்டினார். மகளுடையது, இப்போது யாரும் போடுவதில்லை, உனக்கு வேண்டுமா என்றார். எனக்கு அதன்மேல் அப்படி ஓர் ஆசை. "ஐயோ, வேண்டாம், எனக்கு இருக்கிறது" என்றேன். அவர் தலையாட்டினார். மறுநாள் காலை ஜன்னல் வழியே பார்க்கிறேன், அந்தக் கோட்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு தெருமுனைக்குப் போகிறார். பழந்துணி போடுகிற இரும்புப் பெட்டியின் வாயைத் திறந்தார், போட்டார், கையைத் தட்டிக்கொண்டு திரும்பி வந்தார். அந்தக் குளிர்காலம் முழுக்க ஒரு மட்டமான ஜாக்கெட்டில் பல் கிடுகிடுக்க அந்தப் பெட்டியைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போனேன்.

இவையாவது சூப்பும் கோட்டும். மூன்றாவதாகப் போனது வேலை. ஆய்வகத்தில் உதவியாளராக ஒரு பகுதிநேர வேலை வந்தது. பேராசிரியர் வகுப்பு முடிந்ததும் நேரே என்னிடம் வந்து, "உன் மதிப்பெண் நன்றாக இருக்கிறது, இதில் உனக்கு விருப்பமா?" என்று கேட்டார். எனக்கு உள்ளுக்குள் துள்ளியது. வாய் என்ன சொன்னது தெரியுமா? "வேறு யாருக்காவது தேவைப்பட்டால் அவர்களுக்கே கொடுங்கள், பரவாயில்லை." அவர் நன்றி சொல்லிவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார். அங்கே இருந்தவன் என்னைவிடக் குறைந்த மதிப்பெண். "ஆமாம், விருப்பம்" என்றான். அவனுக்கே போனது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று சொல்லி வளர்த்தவர்கள், அழுதால் அடிக்கவும் அடித்தார்களே என்று அன்று அம்மாமேல் கொலைவெறி வந்தது.

அந்த ஆத்திரத்தில்தான் பக்கத்து அறைப் பெண்ணிடம் கேட்டேவிட்டேன். "நீங்கள் யாரும் ஏன் இரண்டாவது தடவை கேட்பதே இல்லை?" அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. சூப்பையும் கோட்டையும் சொல்லி விளக்கினேன். "நீதான் வேண்டாம் என்றாயே. திரும்பக் கேட்டால் உன் பேச்சை நான் நம்பவில்லை என்று ஆகிவிடும். அது உன்னை அவமதிக்கிற மாதிரி இல்லையா?" என்றாள்.

இதை நான் பல நாள் மென்றேன். கல்லூரிக்குப் போக செஞ்சியிலிருந்து திண்டிவனம் பஸ்ஸில் ஏறுகிற காலத்தில் ஒருவன் என் பின்னாலேயே சுற்றினான். வேண்டாம் என்று எட்டுத் தடவையாவது சொல்லியிருப்பேன். "பொண்ணுங்க மொதல்ல அப்பிடித்தான் சொல்லும்" என்று என் காதுபடவே நண்பர்களிடம் சொன்னான். பெண்ணின் வேண்டாமுக்கு எங்கள் ஊரில் இருந்த மதிப்பு அது. இங்கேயோ ஒரு தடவை சொன்னால் போதும், எதிரில் இருப்பவர் இரண்டடி பின்னால் போய்விடுகிறார். யார் செம்பில் கொடுப்பார், யார் பேப்பர் கப்பில் கொடுப்பார் என்று சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை. நான் எந்தத் தெரு என்று கேட்க ஒருவருமில்லை. சொன்னதுதான் அர்த்தம், அர்த்தம்தான் சொல். அந்த நாட்டில் எனக்கு எதுவும் பிடிக்காமல் இருந்த காலத்தில் இந்த ஒன்று மட்டும் வெறித்தனமாகப் பிடித்தது.

பிடித்ததைச் சும்மா விடவில்லை, பழகினேன். கண்ணாடி முன்னால் நின்று, "ஆமாம், வேண்டும்" என்று சொல்லிப் பார்த்தேன். கேக் வந்தால் முதல் தடவையே எடுத்தேன். அடுத்த பருவத்தில் வேலையை நானே போய்க் கேட்டு வாங்கினேன். அடுத்தவர் வேண்டாம் என்றால் தட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் பழகினேன். இதுதான் கஷ்டமாக இருந்தது, ஆனால் அதுவும் வந்துவிட்டது. நடுத்துண்டு எனக்கு என்று உட்கார்ந்துவிட்டேன்.

முதல் வருஷம் முடிந்து விடுமுறைக்கு வந்தபோது நைனாவோடு கடைத்தெருவுக்குப் போனேன். அங்கே ஒரு பெரிய பாத்திரக் கடை. அந்தக் கடையில் எப்போது ஃபியூஸ் போனாலும், ஞாயிற்றுக்கிழமை என்றுகூடப் பார்க்காமல் நைனா போய்ப் போட்டுக் கொடுப்பார். முதலாளி தங்கமான மனிதர் என்று பெயர். நைனாவைப் பார்க்கும்போதெல்லாம் "காபி சாப்டறியா" என்று கேட்பார். "வேணாங்க மொதலாளி" என்பார் நைனா. அன்றும் கேட்டார். நைனாவும் அன்றும் வேணாம் என்றார். முதலாளி என் பக்கம் திரும்பி, "வெளிநாட்டுப் பொண்ணு, நீ சாப்டறியாம்மா?" என்றார்.

"சாப்பிடறேங்க" என்றேன்.

முதலாளி கல்லாவிலிருந்து எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். அந்தக் கேள்விக்குப் பதில் வரும் என்று அவர் ஒருநாளும் எதிர்பார்த்ததில்லை. கடைசியில் பக்கத்து டீக்கடைக்குக் குரல் கொடுத்தார். ஒரே ஒரு காபி வந்தது. பேப்பர் கப்பில். நைனா குடங்கள் அடுக்கியிருந்த பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். நான் நிதானமாக ஊதி ஊதிக் குடித்தேன்.

வெளியே வந்ததும் நைனா விருட்டென்று வண்டியை எடுத்தார். கோபமாக இருக்கிறார் என்று நினைத்தேன். பஸ் ஸ்டாண்டு தாண்டியதும் முதுகு குலுங்கியது. சிரிக்கிறார்.

"இருவது வருசமா கேக்கறான் பாப்பா அந்தாளு. இன்னிக்குத்தான் குடுத்தான்."

"நீயும் வேணும்னு சொல்லியிருக்கலாம்ல நைனா?"

"எனக்கு எதுக்கு" என்றார்.

வீட்டிலும் நான் அதே கதைதான். அம்மாவிடம் கடைசித் தோசை வேண்டுமா என்று கேட்டேன். வேணாம் என்றாள். நான் எடுத்துச் சாப்பிட்டுவிட்டேன். அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அங்க போயி நல்லாத்தான் கத்துக்கினு வந்திருக்கற" என்றாள். எனக்கு அது பாராட்டாகக்கூடப் பட்டது.

இரண்டாம் வருஷம், ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்தபோது நைனாவுக்கு நெஞ்சுவலி வந்தது. செஞ்சியில் பார்த்துவிட்டுப் பாண்டிக்கு அனுப்பினார்கள். மூன்று இடத்தில் அடைப்பு, பைபாஸ் செய்ய வேண்டும் என்றார்கள். அடுத்த திங்கட்கிழமை தேதி குறித்து, அதுவரை மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். மதியம் பல்கலைக்கழக உணவகத்தில் உட்கார்ந்து வீடியோவில் கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம். நைனா கட்டிலில் தலையணையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்திருந்தார். சவரம் செய்யாமல் தாடியில் வெள்ளை தெரிந்தது.

"நான் கெளம்பி வரட்டா நைனா?" என்றேன்.

"வேணாம் வேணாம். நீ படிப்பப் பாரு. இது இன்னா, இப்பல்லாம் பல்லு புடுங்கற மாதிரி."

"சரி நைனா" என்றேன்.

அவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். நெட்வொர்க் நின்றுவிட்டது என்று நினைத்து நான் "ஹலோ, ஹலோ" என்றேன். நெட்வொர்க் நன்றாகத்தான் இருந்தது.

"சாப்டியா?" என்றார்.

மறுநாள் அம்மா தனியாகக் கூப்பிட்டாள். "அவரு வேணாம்னுதான் சொல்லுவாரு. ஒனக்குத் தெரியாததா" என்று ஆரம்பித்தாள். நான் என்ன சொன்னேன் என்பதை ஒரு சொல் விடாமல் எழுதத்தான் வேண்டும். "அம்மா, அவரு ஒன்னும் சின்னப் புள்ள இல்ல. தெளிவா வேணாம்னு சொல்லிட்டாரு. அவரு பேச்ச நாம மதிக்கணும்" என்றேன். மதிக்கணுமாம். எனக்குத் தாய்மொழியில் மரியாதை சொல்லிக்கொடுத்தவளுக்கு நான் வெளிநாட்டு மரியாதையைப் பாடம் எடுத்தேன். அம்மா, "சரி, நீ வெச்சிரு" என்றாள்.

பேராசிரியரும் கேட்டார், இரண்டு வாரம் ஊருக்குப் போய்வருகிறாயா, ஆய்வேட்டைப் பிறகு கொடுத்தால் போதும் என்று. அப்பா வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்றேன். அவரும் ஒரே தடவைதான் கேட்டார். போக முடியாத நிலைமை எதுவும் எனக்கு இல்லை. தேர்வு இல்லை, தடை இல்லை. இரண்டாவது தடவை கேட்க எனக்குத் தோன்றவில்லை, அதுதான் உண்மை. தோன்றியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். நான் அவ்வளவு நன்றாகப் பழகியிருந்தேன்.

ஆபரேஷன் நல்லபடியாகவே நடந்தது. இரண்டு நாள் பேசினார், கஞ்சி குடித்தார். மூன்றாம் நாள் காய்ச்சல் கண்டது. ஐந்தாம் நாள் காலையில் போய்விட்டார். ஆஸ்பத்திரியில் முடிந்ததையெல்லாம் செய்தார்கள், யாரையும் குறை சொல்ல எனக்கு வழியில்லை.

சென்னையில் இறங்கியபோது காலை எட்டு மணி. எங்கள் தெருவில் வாடகைக் கார் ஓட்டுகிறவர் வந்திருந்தார். நைனாவுக்குத் தம்பி மாதிரி, அண்ணே அண்ணே என்று கூடவே இருப்பார். பெட்டியை வாங்கி வைத்துவிட்டு வண்டியை எடுத்தார். திண்டிவனம் வந்து செஞ்சி ரோட்டில் திரும்பிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"ஆபரேசனுக்கு முன்னாடி வெள்ளிக்கெழமைக்கு வண்டிய ஃப்ரீயா வெக்கச் சொன்னாரு பாப்பா அண்ணன். ஏர்போர்ட்டு போவணும், வேற வாடக புடிக்காதடான்னாரு."

எனக்கு விளங்கவில்லை. "யாருக்கு ஏர்போர்ட்?" என்றேன்.

"ஒனக்குத்தான். பாப்பா வருதுன்னு சொல்லவே இல்லியேண்ணன்னு கேட்டன். 'நான் வேணாம்னு சொல்லியிருக்கன்டா, அது வந்துடும்'னாரு. வெள்ளிக்கெழம சாயங்காலம் வரைக்கும் வண்டிய எடுக்காம வெச்சிருந்தன். ஆறு மணிக்கு அவரே போன் பண்ணி, 'சரி, நீ வாடகைக்குப் போடா'ன்னாரு."

அவர் என்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அண்ணனுக்கு என்மேல் எவ்வளவு பாசம் என்று எடுத்துச் சொல்வதாக நினைத்துச் சொன்னார். நான் முந்தானை இல்லாத உடுப்பில் இருந்தேன், முகத்தை மூடிக்கொள்ள ஒன்றும் இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கோட்டை மலை தெரிகிறவரை அழுதேன்.

ஐஸ் பெட்டியில் கிடந்தார். சவரம் செய்துவிட்டிருந்தார்கள். அத்தை என்னைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். அம்மா அழவில்லை. என்னைப் பார்த்து, "வந்துட்டியா" என்று மட்டும் கேட்டாள்.

காரியம் முடியும்வரை பதினாறு நாள் இருந்தேன். பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் வந்தார்கள். பாத்திரக் கடை முதலாளியும் மாலையோடு வந்து, தங்கமான மனுஷன், ஒரு நாள் ஒரு காபி வாங்கிக் குடித்தவரில்லை என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. நைனா காத்திருந்த கணக்கில் அவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவர் இருபது வருஷமாக ஒவ்வொரு முறையும் ஒரு தடவை கேட்டார், நான் ஒரே ஒரு முறை ஒரு தடவை கேட்டேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம். அம்மா நைனாவின் காக்கிச் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்தேன்.

"நான் போவலம்மா. இங்கியே இருந்துடறன். ஒன்கூட" என்றேன்.

"வேணாம்."

எனக்கு இப்போது வாய்ப்பாடு நன்றாக நினைவிருந்தது. "படிப்பு கெடக்குதும்மா. அப்புறம் பாத்துக்கலாம். நான் இருக்கறன்."

"வேணாம். நீ போ."

மூன்றாவது தடவையில் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினேன். அவள் கையிலிருந்த சட்டையைப் பிடித்துக்கொண்டேன். "இருக்கட்டாம்மா?" என்றேன்.

அம்மா சட்டையை என் கையிலிருந்து மெதுவாக விடுவித்தாள். மடித்த சட்டைகளின் மேல் வைத்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "வேணாம்" என்றாள்.

மறுநாள் கிளம்பிவிட்டேன். ஆய்வேட்டைக் கொடுத்தேன், பட்டம் வாங்கினேன், அங்கேயே வேலையும் கிடைத்தது. இதெல்லாம் நடந்து நான்கு வருஷமாகிறது. பேச்சு நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுவேன். மழை, ரேஷன், அத்தையின் முட்டிவலி என்று எல்லாம் சொல்வாள். இடையில் இரண்டு தடவை போய்வந்தேன். தோசையை எண்ணித்தான் தட்டில் வைத்தாள், இன்னொன்று போடட்டா என்று கேட்கவில்லை.

போன வாரம் அவளாகவே, "பொங்கலுக்கு வரியா?" என்று கேட்டாள். அவளாகக் கேட்டது இதுதான் முதல் தடவை. லீவு ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தேன், டிக்கெட்டுகூடப் பார்த்து வைத்திருந்தேன்.

"இல்லம்மா, இங்க வேல ஜாஸ்தி. கஷ்டந்தான்" என்றேன்.

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தேன். அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. யாரோ வாசலில் கூப்பிட்டார்கள்.

"சரி" என்றாள் அம்மா.